வைரவர் கணக்கில் காவல்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து தாட்சாயினி என்று விசாரித்தால், எந்தத் தாட்சாயினி என்று திருப்பிக் கேட்பார்கள். செக்கிங் தாட்சாயினி என்று சொல்லிப் பாருங்கள், புடவைக்கடைக்காரர் தொடக்கம் மீன்கடைக்காரர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். ஓர் அரசாங்க அலுவலகத்தின் வாசலில் நின்று, வருகிறவர்களின் பைகளைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அவளுடைய வேலை. வந்த புதிதில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர்ந்து முழங்கால் தேய்ந்ததும், நின்றபடி செய்கிற வேலை நல்லது என்று நினைத்துப் பாதுகாப்பு வேலைக்குப் படித்து அட்டை எடுத்தாள். நிற்கிற வேலையில் முழங்கால் இன்னும் கூடத் தேயும் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆனாலும் வேலை பிடித்துப்போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், இராணுவச் சாவடிக்குச் சாவடி புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். கொட்டிய கைகள் ஒருநாளாவது திருப்பி அடுக்கித் தந்ததில்லை. இங்கே அவள் பையைத் தொடுவதற்கு முன் வணக்கம் சொல்வாள், பார்த்து முடிந்ததும் ஸிப்பைத் தானே இழுத்துப் பூட்டிக் கொடுப்பாள். மரியாதையாகவும் சோதிக்கலாம் என்பது அவளுடைய கட்சி. வேறு கட்சி எதிலும் அவள் இல்லை.

புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு, கணவன் துஷ்யந்தன், நகரத்தில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் கோயில் என்று அவளுடைய வாழ்க்கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கோயில் என்றால் ரூ பஜோல் தெருவிலிருக்கிற பிள்ளையார் அல்ல. அவர் பெரிய ஆள், அவருக்குப் பெரிய கூட்டம். இது பின்தெருவில், முன்பு கார் திருத்திய கட்டடத்துக்குள் குடியிருக்கிற முருகன். அர்ச்சனைச் சீட்டில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. சனம் கராஜ் முருகன் என்றுதான் கூப்பிடும், அவரும் கோபித்ததாகத் தெரியவில்லை.

அந்த முருகனுக்கும் சில வருடங்களாகத் தேர் ஓடுகிறது. சின்னத் தேர்தான், ஆனால் வெளித்தெருவுக்கு வரும். போன வருடம் தேர் பாதி வழியில் நிற்கும்போது, நடைபாதையில் ஆளில்லாத பை ஒன்று கிடந்தது. பொலிசார் சனத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நாடா கட்டி, நிபுணர்களைக் கூப்பிட்டு, முருகனை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் பையைத் திறந்தபோது ஒரு காற்சட்டை, ஒரு பொதி விபூதி, கட்டுச்சோறு. அங்கப்பிரதட்சணம் செய்ய இறங்கிய பக்தர், பையை மரத்தடியில் வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு ரோட்டில் உருண்டுகொண்டே வெகுதூரம் போய்விட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உருளுகிற மனுசன் பையை எங்கே கொழுவுவது?

சிரித்து முடித்தாயிற்று. ஆனால் இந்த வருடம் தேருக்கு அனுமதி கேட்டபோது நகரத்துப் பொலிஸ் தலைமையகமான பிரெபெக்சரில் லெத்திசியா என்ற அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காலம் கெட்டுக் கிடக்கிறது. பைகளைச் சோதிக்க அட்டை உள்ள காவலர்களை வாடகைக்கு எடுக்க வேண்டும், குறுக்குத் தெருக்களைக் கனமான தடுப்பு வைத்து மறிக்க வேண்டும், ஒவ்வொரு தடுப்பிலும் சங்கத்து ஆட்கள் நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் ஏற்பாடு செய்ததைக் காட்டினால் தேர் ஓடும். காட்டாவிட்டால் முருகன் கராஜுக்குள்ளேயே இருக்கட்டும்.

கோயில் சங்கத்தில் இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் யார்? எல்லாரும் தாட்சாயினியைப் பார்த்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. தொழிலையும் பக்தியையும் ஒரே இடத்தில் காட்ட இனி எப்போது வாய்க்கும்? ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் திட்டம் போட்டாள். அந்தத் திட்டத்தில்தான் தவறு புகுந்தது.

தடுப்பில் நிற்க ஆட்கள் வேண்டும். பழைய உறுப்பினர்கள் எல்லாருக்கும் வயதும் சர்க்கரையும் ஏறிவிட்டது, பிள்ளைகளுக்கு அன்றைக்கென்று வேறு அலுவல் வந்துவிடும். நிற்கத் தயாராக இருந்தவர்கள் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அண்மையில் வந்தவர்கள்தான். உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மார்க்கண்டு. முல்லைத்தீவுக்காரர், ஐம்பதைத் தாண்டி இங்கே வந்து சமையற்கட்டில் நிற்கிறவர், யாருக்கும் குனியாத ஆள். சங்கத்தின் காப்புறுதி உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று தாட்சாயினி யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். அதனால், பாதுகாப்புச் செலவுக்கு ஒப்புதல், தடுப்பில் நிற்கிற எல்லாரையும் உறுப்பினராகச் சேர்ப்பது, இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதிப் பொதுக்கூட்டத்தில் வைத்தாள். ஒரே கல்யாணத்தில் இரண்டு பெண்ணைக் கரைசேர்க்கிற சந்தோசம் அவளுக்கு.

சங்கத் தலைவர் இரத்தினம் எழும்பினார். பலசரக்குக்கடை வைத்திருக்கிற, பழைய ஆள்.

"தங்கச்சி, நீ காவலுக்குக் காசு கேக்கிறியோ, கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேக்கிறியோ? வதிவிட கார்ட் இல்லாத ஆக்களை உறுப்பினராச் சேர்க்கிறேல்லை எண்டு நாங்கள் கதைச்சு வைச்சிருக்கிறம். உந்தத் தீர்மானத்துக்கு நான் கை தூக்கமாட்டன்."

பின்வரிசையில் நின்ற மார்க்கண்டு குரல் கொடுத்தார். "அண்ணை வரேக்கை கார்ட் கொண்டோ பிளேனாலை இறங்கினவர்? உறுப்புரிமை இல்லையெண்டால் எங்கடை ஒருத்தரும் தடுப்பிலை நிக்கமாட்டம்."

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. மார்க்கண்டுவுக்கு ஆதரவான உறுப்பினர்கள், உறுப்புரிமையைத் தராமல் காவலுக்கு ஒரு சதமும் ஒதுக்க விடமாட்டோம் என்றார்கள். இரத்தினத்தின் பக்கம், அந்தக் கதையைக் கைவிட்டால்தான் காவலுக்குக் காசு என்றது. இரண்டு பக்கமும் காவல் வேண்டும் என்றுதான் சொன்னது, அதுதான் வேடிக்கை. வேண்டிய பொருளைத்தானே பணயம் வைக்கலாம். அடுத்த கூட்டமும் அப்படியே கலைந்தது. பிரெபெக்சர் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது துஷ்யந்தன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். பிரெஞ்சு அரசியல்வாதிகள் இருவர் வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொலிசுக்கும் இராணுவத்துக்கும் காசு வேண்டும் என்று தொடங்கி, இரண்டாவது வசனத்திலேயே வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் போய் நின்றார். மற்றவர், அவர்களைப் பற்றிய சட்டத்தில் கைவைத்தால் இந்தக் காசுக்கு ஆதரவில்லை என்றார். தாட்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய வாசலில் பை பார்க்கிற இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கு. மேலே ஒதுக்கீடு இன்னும் முடியவில்லை என்று மேலாளர் கையை விரிப்பார். அவள்தான் ஒவ்வொரு பையையும் கையால் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இவங்களுக்கு மூளை இல்லையோ? வந்தவனை வைச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டதை ஆறுதலா இருந்து அடிபடுங்கோவன். அதுக்கு ஏன் என்ரை மெசினைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்? குண்டு கொண்டு வாறவன் இவங்கள் அடிபட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பானோ?"

துஷ்யந்தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "இஞ்சேர், கோவிக்காதை. உன்ரை தீர்மானத்திலையும் இதைத்தானே செய்து வைச்சிருக்கிறாய்."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அடுப்படிக்குள் போய் வெங்காயத்தை வெட்டுகிற சாட்டில் பலகையை இரண்டாக்கப் பார்த்தாள். வெட்ட வெட்டக் கோபம் இறங்கியது, இறங்கினதும் வெட்கம் ஏறியது. அவன் சொன்னது சரி. முடிச்சைப் போட்டது இரத்தினமும் அல்ல, மார்க்கண்டுவும் அல்ல, அவள்தான். அவர்கள் இழுத்து இறுக்கினார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் வேலை இடைவேளையில் காப்புறுதிக்காரருக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். ஒருநாள் தொண்டு செய்ய வருகிறவர்களையும் காப்புறுதியில் சேர்க்கலாம், உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, பெயரைக் கொடுத்தால் போதும் என்று அந்த மனுசன் சாதாரணமாகச் சொன்னான். இதை முதலே கேட்டிருக்கக்கூடாதா என்று அவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். முடிச்சில் ஒரு பாதி அவிழ்ந்தது. மற்றப் பாதி காசு. கூட்டத்தில் வைத்தால் திரும்பவும் அதை இழுத்துப் பிடிப்பார்கள். இனிமேல் எந்தக் கூட்டத்துக்கும் போகாமல் அந்தக் காசு வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஐயர் கதவு சாத்துகிற நேரம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் எல்லா மூர்த்திக்கும் பூசை முடிந்த பிறகு கடைசியில் வைரவருக்குச் செய்து, கோயில் கதவைப் பூட்டுகிற திறப்பை அவர் காலடியில் வைத்து எடுப்பார்கள். காவல்காரர் அவர். திருவிழா முடிந்ததும் கடைசி மரியாதையும் அவருக்குத்தான், வடைமாலை சாத்தி, படையல் போட்டு மடை வைப்பார்கள். கராஜ் முருகன் கோயிலில் அந்த வைரவருக்கென்று சின்னச் செப்பு உண்டியல் ஒன்று தனியாக உண்டு. மற்ற உபயங்களுக்குக் கொடுத்தவர் பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் முழங்கும். முழங்காவிட்டால் கொடுத்தவர் ஐயரோடு ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். வைரவர் உண்டியலில் போட்டதை மட்டும் வாசிப்பதில்லை. வைரவருக்குக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று ஆரம்பத்தில் யாரோ சொல்லிவைத்தது, அப்படியே நின்றுவிட்டது. மடைச் செலவை எந்தக் கூட்டத்திலும் எடுத்ததுமில்லை. வைரவர் காசைப் பற்றி வாய் திறந்து வில்லங்கத்தை விலைக்கு வாங்க யாருக்குத் துணிவு?

ஐயர் திறப்பை எடுக்கும்போது தாட்சாயினி கேட்டாள். "ஐயா, தேர்க் காவலுக்கான செலவை வைரவர் உண்டியலாலை எடுக்கலாமோ?"

ஐயர் சிரித்துவிட்டார். "அவரின்ரை வேலையே அதுதானே பிள்ளை. ஆனால் உண்டியலிலை இருக்கிற காசு காணாதே."

"அதை நீங்கள் பூசையிலை ஒருக்கா சொல்லிவிடுங்கோ. மிச்சத்தை வைரவர் பாப்பார்."

"தலைவரை முதல் கேள்."

இரத்தினத்தின் கடையில் அப்போது முருங்கைக்காய் வந்து இறங்கியிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று அவர் கதையைக் கேட்டார், கண்ணைச் சுருக்கினார்.

"இதென்ன புது வழக்கம்?"

"வழக்கம் பழசுதான் அண்ணை. செலவுதான் புதுசு."

"மார்க்கண்டற்றை ஆக்கள்?"

"ஒருநாள் தொண்டுக்கு வருவினம். உறுப்புரிமை இல்லாமலே காப்புறுதி இருக்கு, கேட்டிட்டன். உறுப்புரிமைக் கதை பொதுக்கூட்டத்திலை வரும். அதிலை நான் அவையின்ரை பக்கம்தான் கை தூக்குவன், இப்பவே சொல்லிப்போட்டன். நீங்கள் எதிரா நில்லுங்கோ, விடாமல் நில்லுங்கோ. காவலை மட்டும் அதுக்குள்ளை இழுக்காதேங்கோ."

இரத்தினம் ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தார். எதிராக நிற்கப்போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வைரவர் பெயர் வேறு வந்துவிட்டது. "சரி, ஐயர் சொல்லட்டும்" என்றார்.

மார்க்கண்டு லேசில் இறங்கவில்லை. உணவகத்தின் பின்வாசலில், ஏப்ரனோடு நின்றபடி அவர் கேட்டது அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

"தங்கச்சி, வேலைக்கு நாங்கள், ஓட்டுக்கு அவையோ? எங்களிட்டை இருக்கிறது இந்த ஒரு பிடிதான். அதையும் விடச் சொல்லுறீர்."

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்று அவளும் மறைக்காமல் ஒத்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன் என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"அண்ணை, தேரண்டைக்கு உங்கடை மனுசி நாகமணி அக்கா பால்செம்பு எடுக்கிறாவோ?"

"ஓம். நேத்தி வைச்சிருக்கிறா."

"அவ தேருக்கு முன்னாலை நடக்கிற நேரம், குறுக்குத் தெருவாலை ஒரு வாகனம் வந்தால் அது உறுப்பினரோ எண்டு கேட்டிட்டோ வரும்?"

மார்க்கண்டு ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாங்கள் நிப்பம்" என்றார் கடைசியில். "ஆனால் நான் கதைக்கிறதைக் கதைப்பன். ஒருத்தரும் என்ரை வாயைப் பொத்தேலாது."

"பொத்தச் சொல்லேல்லை அண்ணை. கையை மட்டும் தடுப்பிலை வைச்சிருங்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் ஒலிபெருக்கியில் சொன்னார். இந்த வருடம் வைரவர் தேருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கப்போகிறார், அவருக்குக் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம், பெயர் வாசிக்கப்படாது. முதலில் சனம் அசையவில்லை. பெயர் வாசிக்காத உபயத்துக்குக் கை நீளுவது எங்கள் ஆட்களுக்குச் சுலபமான காரியமல்ல. பிறகு செவ்ரான் புறநகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எழும்பிப் போனது, அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். கார்ட் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாததால், யாருக்கும் அதைக் காட்டி எதையும் கேட்க முடியவில்லை. திருவிழாக் கொடி ஏறுவதற்குள் உண்டியலை இரண்டு தரம் வெறுமையாக்க வேண்டி வந்தது. லெத்திசியா அனுமதிக் கடிதத்தில் ஒப்பமிட்டாள். தாட்சாயினி அன்று அலுவலக வாசலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் வணக்கம் சொன்னாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணினார்கள்.

தேரன்று நல்ல வெயில். தேங்காய்கள் ரோட்டில் உடைந்து தெறித்தன, நாதஸ்வரம் முன்னால் போனது, மேல்மாடிகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாடகைக் காவலர்கள் பைகளைப் பார்த்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தாட்சாயினி அவர்களுக்குப் பாடமே நடத்தியிருந்தாள். தடுப்புகளைச் சுற்றிப் பார்க்க லெத்திசியாவும் அவளோடு வந்தாள்.

கடைசிக் குறுக்குத் தெருவுக்கு வந்தபோது லெத்திசியா நின்றுவிட்டாள். மஞ்சள் மேற்சட்டை போட்ட இரண்டு பேர் தடுப்பின் இரண்டு பக்கமும் நின்று ஊர் கேட்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மார்க்கண்டு. மற்றவர் இரத்தினம். தலைவர் தடுப்பில் நிற்பார் என்று தாட்சாயினி எதிர்பார்க்கவில்லை. மார்க்கண்டுவின் ஆட்கள் மட்டும் நின்றால், காவல் காத்தது நாங்கள்தான் என்று நாளைக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் வந்திருக்கலாம். எதற்காகவோ, வந்துவிட்டார்.

"நீங்கள் வந்த காலத்திலை ஒருத்தரும் உங்களை வெளியிலை விட்டுக் கதவைச் சாத்தேல்லை அண்ணை!"

"சங்கம் எண்டால் ஒரு ஒழுங்கு இருக்கு! நினைச்சவன் நினைச்சமாதிரி..."

அப்போது சாமான் ஏற்றிய வான் ஒன்று அவசரத்தில் தெருவுக்குள் திரும்பியது. ஓட்டுநர் தேரைக் கண்டானோ இல்லையோ, வேகத்தைக் குறைக்கவில்லை. தெருமுனையில் நாகமணியும் மற்றப் பெண்களும் பால்செம்புகளோடு கடந்துகொண்டிருந்தார்கள். இரத்தினமும் மார்க்கண்டுவும் பாதி வசனத்தில் வாயை மூடினார்கள். இருவரும் ஒன்றாகத் தடுப்புக்கு முன்னால் பாய்ந்து, தோளோடு தோள் முட்ட, நாலு கையையும் உயர்த்தி நின்றார்கள். வான் கிறீச்சிட்டு நின்றது. இரத்தினம் ஓட்டுநரிடம் பிரெஞ்சில் பேசினார். மார்க்கண்டு பின்னால் போய், கையைக் காட்டிக் காட்டி வானை மற்றத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். பெண்கள் எதுவும் அறியாமல் அரோகரா சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள்.

மார்க்கண்டு தடுப்புக்குத் திரும்பி வந்து மேற்சட்டையைச் சரிசெய்தார்.

"நினைச்சவன் நினைச்சமாதிரி எண்டால் என்ன அண்ணை? ஆரைச் சொல்லுறியள்?"

"உன்னைத்தான் சொல்லுறன், வேறை ஆரை?"

லெத்திசியா பதறிப்போய்த் தாட்சாயினியின் கையைப் பிடித்தாள். "இந்த இருவருக்கும் என்ன பிரச்சினை? வேறு ஆட்களை மாற்றிவிடலாமா?"

"வேண்டாம், வேண்டாம். இவர்கள் இங்கேயே நிற்கட்டும்" என்றாள் தாட்சாயினி. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இவ்வளவு சந்தோசத்தை அவள் இந்த ஊரில் அடிக்கடி கண்டதில்லை. "இன்றைக்கு இந்தத் தெருக்களிலேயே இதுதான் பாதுகாப்பான இடம்."

"தேர் முடிந்ததும் சமாதானமாகிவிடுவார்களா?"

"அதெப்படி? அடுத்த மாதம் பொதுக்கூட்டம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, அவள் தேருக்கு வழிவிடக் கையைக் காட்டினாள்.